நடுக்கதவின் கரி

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்தக் கதவு சாத்தித்தான் இருக்கிறதா? சரி.

இது என் நண்பனின் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. அதிகாலை மூன்றேகால் மணி. ஆலைக்குப் பின்னால் போகும் நீளமான சாலை. ஒரு நாய்கூட இல்லை... அவர் செருப்பில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்க்க. ஐந்து நாளுக்கு முன்னால் அவரே வீட்டைவிட்டுத் துரத்திய தம்பியை.

அவர் பூட்டுக்காரர். பூட்டுத் தொழிலாளிகளுக்கென்று நூறு வருடத்துக்கு முன்பு கட்டிய எட்டு வீட்டு வரிசையில் கடைசி வீடு. முன்னால் ஓர் அறை, அடுத்து சமையலறை, அதன் கோடியில் ஒரு கதவு. அதைத் திறந்தால் பின்தெருவைப் பார்த்த பட்டறை. அக்கா அப்போது ஊரில் இல்லை. அவர் வீட்டுக்குள் படுப்பார், தம்பி பட்டறையில். நடுக்கதவைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார். புதிதாக ஒரு பூட்டு கண்டுபிடித்திருந்தார், அதன் மாதிரி பீரோவில் இருந்தது. தேன் எடுக்கிறவன் புறங்கையை நக்கமாட்டானா என்று பயம். அவருக்குத் தம்பி பிறப்பதற்கு முன்பே சந்தேகம் கூடப்பிறந்துவிட்டது.

ஒரு ராத்திரி சத்தம் கேட்டது. சர்க்... சர்க்... கொஞ்சம் நிறுத்தம். மறுபடியும் சர்க். அரம் போடும் சத்தம். காலையில் நடுக்கதவைத் திறந்தால் அவர் சாவியில் கரி ஒட்டியிருந்தது. கள்ளச்சாவி செய்கிறவன் வெட்டாத சாவியை விளக்குப் புகையில் காட்டுவான். கரி பிடித்ததும் பூட்டில் விட்டுத் திருப்புவான். கரி எங்கே உரசிப் போகிறதோ அங்கே அராவுவான். மறுபடி புகை, மறுபடி அரம்... ஒன்பது ராத்திரி கேட்டுக்கொண்டே படுத்திருந்தார்.

பத்தாம் நாள் தம்பியைப் பிடித்துக் கேட்டார். தம்பியின் முகம் சுண்டிப்போனது.

"சத்தம் எனக்கும் கேட்டுச்சுண்ணே. நீதான் உள்ள வேலை பாக்கறேன்னு நெனச்சேன்."

பொய்க்கு ஒரு அளவு வேண்டாமா என்று பெட்டியைத் தூக்கித் தெருவில் வைத்தார்.

அதற்கப்புறம் நாலு ராத்திரி சத்தமே இல்லை. பார்த்தாயா, நான் சொன்னது சரிதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஐந்தாம் ராத்திரி... டக். பூட்டு திரும்பும் சத்தம். விளக்குப் புகை நாற்றம். எழுந்து போனார். நடுக்கதவு அகலத் திறந்துகிடந்தது. பட்டறைப் பக்கம் சாவித் துவாரத்தில் ஒரு பொட்டுக் கரி இல்லை. அத்தனை கரியும் சமையலறைப் பக்கம்.

உள்ளே வருவதற்கு யாரும் சாவி செய்யவில்லை. அத்தனை நாளும் அவரோடு வீட்டுக்குள் இருந்த ஏதோ ஒன்று, தம்பி படுத்திருந்த இடத்துக்குப் போகத்தான் சாவி செய்திருக்கிறது. தம்பி அங்கே இல்லை. பட்டறையின் தெருக்கதவும் திறந்திருந்தது.

அதனால்தான் ஓடினார்.

தம்பியின் வாடகை அறைக் கதவை இரண்டு கையாலும் தட்டினார். தம்பி தூக்கக் கலக்கத்தோடு திறந்தான். நல்லபடியாக இருந்தான். அவருக்கு அழுகை வந்துவிட்டது. தப்புப் பண்ணிட்டேன்டா என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

தம்பி அவரையே பார்த்தான்.

"இதத்தானேண்ணே இவ்வளவு நேரம் அழுதுக்கிட்டே சொன்னே? நீயே சாவி போட்டுத் தொறந்து வந்தே, பக்கத்துல படுத்தே... எப்ப எந்திரிச்சு வெளிய போனே?"

அவர் தம்பியின் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார். கட்டிலில் ஒருவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தலையோடு மூடிய போர்வை மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.