இரண்டு பூட்டுக் கூடம்

உலகத்தில் மனிதர்கள் எழுப்பிய கட்டடங்களில் நியாயத்தின் மேல் நிற்பது எங்கள் குடியிருப்போர் நலச் சங்கக் கூடம் ஒன்றுதான். மற்றவையெல்லாம் வெறும் சிமெண்டின் மேல் நிற்பவை. விசாரிக்க வந்திருக்கும் நீங்கள், வெள்ளத்தன்று நடந்ததை மட்டும் சொன்னால் போதும் என்கிறீர்கள். சங்கத்தின் வரலாறு தெரியாமல் அது விளங்காது ஐயா.

ஒரு மழைக்காலத்தில் பின்பக்கக் கால்வாய் உடைத்துக்கொண்டு தெருவுக்குள் வந்தது. ஆளாளுக்குக் கட்டில்மேல் நின்று தவித்தோம். அந்த ஈரம் காய்வதற்குள் சங்கம் பிறந்தது. இனி யாரும் தவிக்கக் கூடாது என்று உயரமான படி வைத்துக் கூடம் கட்டினோம். அப்புறம் பல வருடம் வெள்ளம்தான் வரவில்லை. கட்டிய கூடத்தைச் சும்மா போட்டு வைக்க முடியுமா? மேடை வந்தது, திரை வந்தது, முகம் பார்த்துத் தலைவாரலாம் போல மரத்தரை வந்தது. அழகு வந்துவிட்டால் காவல் வேண்டும்.

அப்போதைய தலைவருக்கு அது புரியவில்லை. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறேன் என்று தன் சோபாவைக் கொண்டுவந்து கூடத்தில் போட்டார். பொதுக்குழுவில் எழுந்து ஒரே கேள்விதான் கேட்டேன்: "இது சங்கக் கூடமா, இல்ல உங்க மாமனார் வீடா?" கைதட்டலில் அவர் பதவி போயிற்று, நான் செயலாளர் ஆனேன். வாசல் கதவுக்கு இரண்டு பூட்டுப் போடவைத்தேன். ஒரு சாவி புதிய தலைவரிடம், மற்றது என்னிடம். இருவரும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும்.

வெள்ளத்தன்று தலைவர் வெளியூரில், மகள் வீட்டில் இருந்தார். கார் வைத்திருந்தவர்கள் எல்லாம் மழை வலுக்கும்போதே கிளம்பிவிட்டார்கள். பள்ளத்து வீட்டில் வாடகைக்கு இருக்கும் தையல்காரன் மட்டும் என் வாசலில் வந்து நின்றான். அவனுடைய அண்ணனுக்குக் கால்கள் விளங்காது. உட்கார்ந்த இடத்திலேயே சட்டைக்குப் பட்டன் தைப்பார். தெருவுக்கே அவர் பட்டன் அண்ணன்.

"சார், வீட்டுக்குள்ள தண்ணி முழங்காலுக்கு வந்திருச்சு. அண்ணனைத் தூக்கிட்டு வர்றேன், கூடத்தைத் தொறந்து விடுங்க."

"ரெண்டு பூட்டுப்பா. எங்கிட்ட ஒரு சாவிதான் இருக்கு."

"உடைச்சிரலாம் சார். புதுசு நானே வாங்கித் தர்றேன்."

"பூட்டு பெருசில்லப்பா. இன்னிக்கு உனக்கு உடைச்சா நாளைக்கு ஊருக்கே உடைக்கணும்."

"ஊருக்காகத்தானே சார் கட்டுனீங்க?"

நல்ல கேள்வி. பொதுக்குழுவில் கேட்டிருந்தால் நானே கைதட்டியிருப்பேன். வாடகைக்கு இருப்பவர்களுக்குப் பொதுக்குழுவில் இடமில்லை.

உள்ளே போய்த் தலைவருக்குப் போன் செய்தேன். "உடைச்சுத் தொறய்யா, இதெல்லாம் கேக்கணுமா?" என்று கத்தினார். வாய்மொழி அனுமதிக்கு எங்கள் விதிகளில் மரியாதை கிடையாது. வெளியே வந்து, "லைன் கிடைக்கல" என்றேன்.

"அப்ப அவர் வர்ற வரைக்கும் தண்ணியை நிக்கச் சொல்லுங்க சார்" என்று சொல்லிவிட்டுத் தையல்காரன் இறங்கி நடந்தான். அந்த நிலையிலும் நகைச்சுவை விடாதவன்.

அண்ணனைச் சுமந்து திரும்பி வந்து கடப்பாரையால் இரண்டு பூட்டையும் உடைத்தானே, பிறகும் கதவு ஏன் திறக்கவில்லை என்கிறீர்கள். முறையான கேள்வி. மேடைக்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு உண்டு. அதற்கு நான் விதி எழுதவில்லை; விதி இல்லாத இடத்தில் மீறலும் இல்லை. என் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்துவிட்டதால், மனைவி, டிவி, மெத்தை எல்லாவற்றையும் அந்த வழியாக ஏற்றிவிட்டு, வாசல் கதவின் உள்தாழ்ப்பாளைப் போட்டேன்.

அவன் கதவை இடித்தது கேட்டது. "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று அவன் முதுகிலிருந்து பட்டன் அண்ணன் கூப்பிட்டதும் கேட்டது.

"யாரோ தட்டுறாங்க, தொறங்களேன்" என்றாள் மனைவி.

"காத்துடி."

படியில் தண்ணீர் ஏற ஏற, அண்ணனைச் சுமந்துகொண்டே பெரிய சாலைப் பக்கம் போயிருக்கிறான். கால்வாய்த் திருப்பத்தில் இழுப்பு அதிகம். தம்பி மட்டும் கரையேறினான்.

எழுதிக்கொள்ளுங்கள். தாழ்ப்பாள் போட்டது நான். திறந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் பூட்டை உடைத்தது யார்? நான் மீறிய விதி ஒன்றைக் காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அப்புறம் என்ன செய்தாய் என்கிறீர்கள். வெளியே சத்தம் அடங்கியதும், மரத்தரை அழுக்காகக் கூடாதே என்று காலை நன்றாகத் துடைத்துக்கொண்டு, எங்கள் மெத்தையை மேடைமேல் விரித்தேன்.