முகக்கவசம் இல்லாமல் ஓடியவர்

முகக்கவசத்தின் மேல் விளிம்பில் மெல்லிய கம்பி ஒன்று இருக்கும், மேடம். அதை மூக்கோடு சேர்த்து அழுத்திவிட்டால் கண்ணாடியில் ஆவி படிவது பாதி குறைந்துவிடும். நீங்களும் கண்ணாடி போடுகிறவர், அதனால் சொல்கிறேன். நோய் பரவ ஆரம்பித்த பிறகு எங்கள் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பார்வை மங்கிவிட்டது என்றுதான் வந்தார்கள். பார்வைக்கு ஒரு குறையும் இருக்காது. கம்பியை அழுத்திக் காட்டி அனுப்பிவிடுவேன்.

என்னை யாரும் ஸ்டேஷனுக்குப் பிடித்துக்கொண்டு வரவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். நானாகத்தான் வந்தேன். மனசாட்சி உறுத்தியது என்றெல்லாம் பெரிதாக எழுத வேண்டாம். களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். வீட்டுக்குப் போனால் பேச ஆள் இல்லை. வெளியே வந்தால் எல்லோரும் எனக்காகப் பரிதாபப்படுகிறார்கள். இரண்டும் அலுத்துவிட்டது.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது என் வேலை. கண் பரிசோதனையும் செய்வேன். இந்தத் தொழிலில் தலைமுடி அளவு பிசகினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி வரும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். அப்படியே இருந்து பழகியவன், வீட்டிலும் அப்படித்தான் இருந்தேன். என் மனைவிக்குச் சர்க்கரை உண்டு. தினமும் காலையில் நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊரடங்கில் கொஞ்சம் தளர்வு வந்ததும் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள தெருவில் இருவரும் நடக்க ஆரம்பித்தோம். ஒரு பக்கம் பள்ளிக்கூடத்து மதில், மறு பக்கம் இழுத்து மூடிய கடைகள். வாசலைத் தாண்டினால் முகக்கவசம். திரும்பி வந்து கதவைச் சாத்திய பிறகுதான் கழற்றலாம். அது என் சட்டம்.

அவளுக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது. கொஞ்சம் பருத்த உடம்பு. பாதி தூரம் போவதற்குள் துணி நனைந்து வாயோடு ஒட்டிக்கொள்ளும். "என்னங்க, தெருவுல ஈ காக்கா இல்ல. கொஞ்சம் இறக்கிக்கட்டுமா?" என்பாள்.

"வேண்டாம். வீட்டுக்குப் போய் எடுத்துக்கலாம்."

"வீட்டுக்குப் போறதுக்கு உசிரு இருக்கணுமே."

வேடிக்கையாகத்தான் சொல்வாள். நான் சிரிக்க மாட்டேன்.

அந்தத் தெருவில் எங்களைத் தவிர இன்னொருவரும் வருவார். எங்கள் கட்டடத்திலேயே இரண்டாவது மாடியில் குடியிருந்தவர், லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, அதை வைத்து அவரை எல்லோரும் கேலி செய்வோம். வயது நாற்பதுகூட ஆகவில்லை. மனைவி, பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் குழந்தை. தினமும் ஓடுவார். ஓட ஆரம்பித்தால் நிற்க மாட்டார் என்பதால் அவருக்குக் கட்டடத்தில் எக்ஸ்பிரஸ் என்று பெயர். என்னை அண்ணே என்பார், அவளை அண்ணி என்பார். நானும் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிட்டேன்.

அவர் ஓடும்போது முகக்கவசம் போட மாட்டார். ஒருநாள் நிறுத்திக் கேட்டேன்.

"போட்டா கண்ணாடி முழுக்க ஆவி அண்ணே. பள்ளம் மேடு தெரியல. அதுவும் இல்லாம, இது திறந்தவெளி. காத்து அடிச்சுட்டுப் போயிடும். மூடின ரூமுக்குள்ளதான் பயமே. நான் லிஃப்ட்டுக்குள்ள வேலை பாக்கும்போது ரெண்டு மாஸ்க் போடறேன் தெரியுமா?" என்றார். பிறகு அவளைப் பார்த்து, "என்ன அண்ணி, அண்ணன் உங்களுக்கு வாய்ப்பூட்டு போட்டுட்டாரா?" என்று கேட்டுவிட்டு ஓடினார். அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவளை நான் அப்படிச் சிரிக்க வைத்து ரொம்ப நாளாகியிருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பிறகு குளிர் தொடங்கியது. ஒரு காலை அவளுக்கு ரொம்ப இரைத்தது. நான் இரண்டு அடி முன்னால் போய்க்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் மதிலில் கையை ஊன்றிக்கொண்டு, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து அவர் எங்களைத் தாண்டி ஓடினார். அவள் தோளை ஒட்டித்தான் போனார். மூச்சைக் கண்ணால் பார்க்க முடியுமா என்று கேட்காதீர்கள். அந்தக் குளிரில் வெள்ளையாகத் தெரிந்தது. அவர் விட்ட மூச்சு அவள் முகத்துப் பக்கம் போனதை நான் பார்த்தேன்.

வீடு வரும் வரை அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். அந்த வாரமே அவளுக்குக் காய்ச்சல் வந்தது. எனக்கு அதற்கு முன்பிருந்தே தொண்டை கரகரவென்று இருந்தது. லென்ஸ் தேய்க்கிற தூளுக்கு எப்போதும் வருவதுதான், அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இருவரும் பரிசோதனைக்குக் கொடுத்தோம். முடிவு என் கைபேசிக்குத்தான் வந்தது. இருவருக்கும் இருந்தது. அவளுக்கு மட்டும்தான் என்று வெளியே சொன்னேன், எனக்கு இல்லை என்றேன். அப்போது மனதில் ஒரு திட்டமும் கிடையாது. இருவருக்கும் என்றால் கடைக்குச் செல்ல முடியாது, மருந்து வாங்க ஆளில்லை, அதற்காகச் சொன்ன பொய். மனைவி படுக்கையில் கிடக்கிறவனிடம் சான்றிதழைக் காட்டு என்று யார் கேட்பார்கள்?

மூச்சுத் திணறல் வந்ததும் ஆக்சிஜன் சிலிண்டருக்கு அலைந்தேன். கிடைத்ததை மாடிக்குத் தூக்கிவர ஆள் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கதவுகள் எல்லாம் சாத்தியே கிடந்தன. எக்ஸ்பிரஸ்தான் தோளில் வைத்து மூன்றாவது மாடிக்குக் கொண்டு வந்தார். இரண்டு முகக்கவசம் போட்டிருந்தார். கண்ணாடி முழுக்க ஆவி. படியைக் காலால் தடவித் தடவி ஏறினார். கதவுக்கு வெளியே நின்றே, "அண்ணி, தைரியமா இருங்க. சீக்கிரம் வாங்க, நான் தனியா ஓடிட்டிருக்கேன்" என்றார். உள்ளேயிருந்து அவள் கையை ஆட்டினாள்.

மறுநாள் ஆம்புலன்ஸ் வந்தது. ஏற்றுவதற்கு முன் அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். "அன்னைக்குத் தெருவுல நான் மாஸ்க்கை இறக்கியிருக்கக் கூடாது, இல்லைங்களா?"

நான் "ஆமா" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் குரலை நான் கேட்கவில்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. தன்னால்தான் வந்தது என்று நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான் நடந்தது. ஓடியவர் நன்றாக இருந்தார்.

அவள் இறந்த மறுநாள் காலை வீட்டில் சோதிக்கும் அட்டை ஒன்று வாங்கி என்னைச் சோதித்துப் பார்த்தேன். கோடு இரண்டாக விழுந்தது, நோய் இன்னும் என்னிடம் இருந்தது. அவர் சாகட்டும் என்று நான் நினைக்கவில்லை. கொஞ்ச நாள் மூச்சுக்குத் தவிக்கட்டும் என்றுதான் நினைத்தேன். மூச்சுக்குத் தவிப்பது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டாமா?

தெருவில் அவர் பக்கத்தில் போய் நிற்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் திறந்தவெளியில் அவ்வளவு சுலபத்தில் தொற்றாது. செய்தித்தாளில் படித்திருந்தேன், டாக்டர்களும் அதையேதான் சொன்னார்கள். காற்று கொண்டு போய்விடும். ஓடுகிறவர் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருக்க முடியும்? அதனால் கடைக்கு வரச் சொன்னேன்.

சிலிண்டர் தூக்கியதற்கு நன்றிக்கடனாக, ஆவி படியாத பூச்சு கொடுத்த கண்ணாடி ஒன்று செய்து தருகிறேன் என்றேன். எதற்கு அண்ணே இந்த நேரத்தில் என்று மறுத்தார். வேலை இருந்தால் மனதுக்கு ஆறுதலாக இருக்கும் என்றேன். உடனே ஒப்புக்கொண்டார். நல்ல மனிதர். அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

அன்று கடை விடுமுறை. சாவி என்னிடம் இருந்தது. பரிசோதனை அறைக்கு ஜன்னல் கிடையாது. காற்று வெளியேற்றும் மின்விசிறியை அணைத்துவிட்டு ஏசியை மட்டும் போட்டேன். இரண்டு முகக்கவசத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"மாஸ்க்கை எடுத்துடுங்க தம்பி. லென்ஸ்ல ஆவி படிஞ்சா பவர் தப்பாயிடும்."

"ரூமுக்குள்ள வேணாமே அண்ணே."

"எனக்கு டெஸ்ட்ல ஒண்ணும் இல்லன்னு சொன்னேனே. என்னைப் பாத்து பயமா?"

"சேச்சே. உங்களுக்காகத்தான் சொல்றேன். நான் நாலு எடத்துக்குப் போறவன். உங்களுக்கு என்னால ஏதாவது வந்துட்டா?" என்றார். நான் லென்ஸ் பெட்டியைத் திறந்து வைத்தேன். சங்கடப்பட்டுக்கொண்டே இரண்டையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நானும் என்னுடையதைக் கழற்றினேன்.

சீக்கிரம் முடிகிற வேலைதான். அன்று நிதானமாகச் செய்தேன். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா அது தெளிவா என்று கேட்டேன். அவர் முகத்துக்கும் என் முகத்துக்கும் ஒரு சாண் தூரம். எழுத்துப் பலகையை மேலிருந்து கீழே உரக்கப் படிக்கச் சொன்னேன். மூச்சை நன்றாக இழுத்துவிட்டுப் படித்தால் பார்வை நிலையாக இருக்கும் என்றேன். அப்படி ஒரு முறையே கிடையாது. அவர் நம்பி, ஒவ்வொரு வரிக்கும் மூச்சை இழுத்து இழுத்துப் படித்தார். நடுவில் எனக்கு இருமல் வந்தது. அடக்கிக்கொள்ளவில்லை.

ஒரு வாரம் கழித்துத் தெருவில் அவரைக் காணவில்லை. பிறகு மருத்துவமனையிலிருந்து எனக்குக் குரல் செய்தி அனுப்பினார். பேச்சு துண்டு துண்டாக வந்தது. "அண்ணே, உங்க கடைக்கு வந்தப்பவே எனக்கு இருந்திருக்கும் போல. உங்களுக்கு வந்திருக்கப் போகுது. தயவுசெஞ்சு டெஸ்ட் பண்ணிக்குங்க. நீங்க தனியா வேற இருக்கீங்க." எனக்கு ஒன்றும் இல்லை, நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் அனுப்பினேன். அதை அவர் கேட்டதாகத் தெரியவில்லை. தினமும் ஓடுகிற உடம்பு, தாங்கிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். தாங்கவில்லை.

அவருடைய கண்ணாடியை முடித்து வைத்திருந்தேன். பாதியில் விட மனமில்லை. பவர் எல்லாம் சரியாகத்தான் போட்டேன். போன வாரம் அதை அவர் மனைவியிடம் கொடுத்தேன். அந்தப் பெண் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "அண்ணி போன துக்கத்துலயும் இவருக்காக உக்காந்து செஞ்சிருக்கீங்களே அண்ணே" என்று அழுதது. குழந்தை அம்மாவின் பின்னால் நின்றுகொண்டு என்னையே பார்த்தது. அதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. அதனால்தான் இங்கே வந்தேன்.

இவ்வளவுதான் நடந்தது. தெரிந்தேதான் செய்தேன். எங்கே கையெழுத்து வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். "வெளியில அவ்வளவு சுலபமா தொத்தாதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் உங்க மனைவிக்குத் தெருவுல எப்படி வந்துச்சு?" என்று கேட்கிறீர்கள். அது வேறு, மேடம். அவர் ஓடிக்கொண்டு வந்தார். ஓடுகிறவர் மூச்சு வேகமாக வரும். நான் கண்ணால் பார்த்தேன்.

கடையில் யாருக்காவது இருந்ததா என்கிறீர்கள். இருந்தது. பக்கத்து மேஜையில் என்னோடு லென்ஸ் தேய்க்கிறவருக்கு. என் தொண்டை கரகரப்பதற்கு முந்தின வாரம் முழுக்க இருமிக்கொண்டிருந்தார், ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார், பிறகு படுத்துவிட்டார். உள்ளே முகக்கவசம் போட்டிருந்தோமா என்றால், இல்லை. லென்ஸில் மையப்புள்ளி வைக்கிற வேலை, ஆவி படிந்தால் புள்ளி தெரியாது. வேறு எதற்காகவும் கழற்றவில்லை. ஆனால் அது ஒரு சின்ன அறை, மேடம். நாங்கள் இருவரும் நாள் முழுக்க உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடிதான் வேலை பார்த்தோம். அங்கே யாரும் ஓடவில்லை.