காரணமற்ற ஒட்டுக்குக் காரணம் கண்ட ஏனக்காவுக்கு

கருவிக்குள் கருவான கர்னலைக் கண்ணெனக் காத்தவரே! ஒட்டுகளை ஒழுங்கில் நிறுத்திய ஓயாத உழைப்பே! எதைக் கண்டாலும் ‘ஏன்?’ என்று கேட்டு, அந்தக் கேள்வியையே பெயராகப் பெற்றுவிட்ட எங்கள் ஏனக்காவே! உங்கள் சொந்தப் பெயரை இன்று வருகைப் பதிவேடு மட்டுமே அறியும். வணக்கம்!

இந்தப் பணிநிறைவு விழா அவையில் அமர்ந்திருக்கும் உங்கள் வீட்டாருக்காக ஒரு சொல். நோயாளியின் படுக்கையருகே நின்று இதயத்துடிப்பைக் காட்டும் கருவிகளைச் செய்பவர்கள் நாங்கள். ஊருலகம் பொதுவில் எழுதி வைத்திருக்கும் கர்னல் என்னும் இயங்குதளக் கருவை எடுத்து, வேண்டியதை வைத்து, வேண்டாததை விலக்கி, இல்லாததைப் பேட்ச் என்னும் ஒட்டாகப் போட்டு, எங்கள் கருவிக்கு அளவெடுத்துத் தைப்பது அக்காவின் பணி.

நீங்கள் வந்தபோது கர்னலில் எது வேண்டும், எது வேண்டாம் என்ற அமைப்புகளெல்லாம் ஒரே பெருங்கோப்பாய்க் கிடந்தன. போகிறவர் வருகிறவரெல்லாம் அதில் கைவைப்பார்கள். அடுத்த முறை கர்னலைக் கட்டும்போது அத்தனையும் அழிந்து, விழலுக்கு இறைத்த நீராகும். கருவிகளுக்குள் இருக்கும் எல்லா மின்சுற்றுப் பலகைக்கும் பொதுவானது, ஒவ்வொரு பலகைக்கும் உரியது, சோதனைக்கு மட்டும் வேண்டியது என அதைத் துண்டு துண்டாகப் பிரித்தவர் நீங்கள். ஓர் ஒட்டுக்கு ஒரே வேலை என்றீர்கள். அதன் தலையில் மூன்று வரிகள் கேட்டீர்கள்: ஏன் போட்டோம், எப்போது நீக்கலாம், யாரைக் கேட்பது. எழுதாமல் வந்தவரிடம், “எழுதிட்டு வாங்க, காபி ஆறாது” என்பீர்கள். ஆறித்தான் போகும். “வீட்டுல உப்பு டப்பாவை இடம் மாத்தினாக்கூடக் காரணம் கேப்பா” என்று உங்கள் வீட்டுக்காரர் சற்றுமுன் எங்களிடம் புலம்பினார். அவருக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்!

அப்படிப்பட்டவரின் தொகுப்பிலேயே காரணமில்லாத ஒட்டு ஒன்று இருந்தது. அதை எழுதியவரும் நீங்களே, அந்த வழக்கம் பிறப்பதற்கு முன்பு. அபாய ஒலி தரும் சிப் என்னும் சில்லை எழுப்புவதற்குமுன் கண்ணிமைக்கும் நேரம் காத்திரு என்றது அது. புதிய கர்னலுக்கு மாறும்போது அந்தப் பகுதியே தலைகீழாக மாறியிருந்தது, ஒட்டு ஒட்டவில்லை. திருத்தி எழுதுவதா, தூக்கி எறிவதா? தேவையானதை எறிந்துவிட்டால், யாரோ ஒருவரின் துடிப்பு தடுமாறும் வேளையில் கருவி ஊமையாக நிற்கும்.

நீக்கிவிட்டுச் சோதித்தோம். ஒவ்வொரு முறையும் ஒலித்தது. “அப்புறம் என்ன, தூக்கிடலாமே” என்றார் மேலாளர். “நல்லாத்தான் அடிக்குது. அப்ப நான் எதுக்கு அதை எழுதினேன்? சத்தியமா ஞாபகம் இல்லையே! இது தெரியாம வீட்டுக்குப் போனா எனக்குத் தூக்கமே வராது” என்றீர்கள். நீங்கள் பணி ஓய்வு பெறும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எங்கள் சோதனைப் பொறியாளர் தம் கைபேசிக்குச் சார்ஜ் போட, கருவியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறந்துபோனார். பேட்டரி வற்றிக் கருவி அணைந்தது. பதறிப்போய் மீண்டும் செருகினார். திரை ஒளிர்ந்தது, துடிப்புக் கோடு ஓடியது. அபாய ஒலி மட்டும் வரவே இல்லை. நாங்கள் அவரைக் கடிக்கப் போனோம். நீங்களோ ஓடிவந்து, “யாரும் திட்டாதீங்க! அண்ணே, இன்னொரு தடவை அதே மாதிரி புடுங்குங்க!” என்றீர்கள். பேட்டரி மறுபடி வற்றும்வரை கருவியின் முன்னாலேயே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தீர்கள். மறுபடியும் ஊமை! வற்றிய பேட்டரியோடு செருகும்போது மின்சாரம் மெல்லத்தான் ஏறுகிறது. ஒலிச் சில்லு விழிப்பதற்குள் கர்னல் அதைக் கூப்பிட்டுவிடுகிறது. நாங்களோ எப்போதும் நிறைந்த பேட்டரியில்தான் சோதித்திருந்தோம். அன்று நீங்கள் கைதட்டிச் சிரித்ததைப் பார்த்து எங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஒட்டைப் புதிய கர்னலுக்கேற்பத் திருத்தி எழுதினீர்கள். ஒலி திரும்பியது. நேற்று நீங்கள் பொறுப்பை ஒப்படைத்தபின் அதைத் திறந்து பார்த்தோம். ஏன் என்பதற்கு முழு விளக்கம் இருந்தது. பலகையின் மின்வழி மாறினால் நீக்கலாம் என்றும் இருந்தது. யாரைக் கேட்பது என்ற இடத்தில் உங்கள் பெயரைத் தேடினோம். “யாரையும் கேக்க வேண்டாம். பேட்டரியை வத்த விட்டு நீங்களே பாருங்க” என்று எழுதியிருந்தீர்கள். பெருமையாக இருந்தது. உங்களைப் பிரிவது எங்களுக்கு வலிக்கிறது, அக்கா.

நாங்கள் செய்யும் கருவி எதுவும் உங்கள் படுக்கையருகே ஒருநாளும் வந்து நிற்க வேண்டியிராத உடல்நலத்தோடு, நெடுங்காலம் வாழ்க!

அன்பில் குறையாத,
கர்னல் பிரிவுப் பணியாளர்கள்