போர்வை கிழிந்த விதம்

செவிலிமேட்டு டவுன் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு நடுத்தர வயதுத் தம்பதி. புதுப் போர்வை வாங்கப் பெரிய காஞ்சிபுரம் போய்க்கொண்டிருந்தார்கள்.

"பூமியும் நம்ம போர்வை மாதிரிதான் கிழியுதாம்மா. ரேடியோவுல சொன்னாங்க."

"பூமியும் உங்கள மாதிரி கட்டில்லேர்ந்து உருண்டு விழுந்துச்சா?"

"கேளேன். பூமியோட மேல் ஓடு தட்டுத் தட்டா இருக்குது. ஒரு தட்டுல பாதி, பக்கத்துத் தட்டுக்கு அடியில எறங்குது. மீதிப் பாதி எறங்காம, ஓரமா உரசிக்கினு போவுது. ரெண்டுக்கும் நடுவுல கிழியுது."

"எறங்கின பாதி நீங்க."

"விடாம புடிச்சிக்கினு இருந்த பாதி நீ."

"அப்போ ஆளுக்கு ஒண்ணா வாங்கிடலாமா?"

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மூஞ்சி போறதப் பாரு! ஒண்ணே வாங்கலாம். அடுத்த தடவ நீங்க விழறப்போ நானும் சேந்து விழறேன். கிழியாது."