இழப்பு: பூச்சியம்

போனில் கதைப்பதென்றால் எனக்குக் கூச்சம். வீட்டில் காஸ் சிலிண்டர் முடிந்தால்கூட, கடைக்கு அழைப்பது என் தங்கச்சி முஸ்பிறாதான்.

கல்முனையில் பதினொரு பேர் சேர்ந்து நடத்திய சிறிய மென்பொருள் நிறுவனம் எங்களுடையது. நாங்கள் விற்றது ஒரு தரவுத்தளம். ஒரே பதிவை அது மூன்று கணினிகளில் வைத்திருக்கும். ஒன்று எங்கள் அலுவலகத்தில், மற்ற இரண்டும் வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்தவை. மூன்றுக்குள்ளும் முரண்பாடு வந்தால், ஒத்துப்போகிற இரண்டும் சொல்வதே உண்மை.

வாங்க வருகிறவரைக் கொண்டே அலுவலகக் கணினியை மற்ற இரண்டோடும் இணைக்கும் வயரைக் கழற்றச் சொல்வது எங்கள் வழக்கம். "பிஸ்மி சொல்லிக் கழட்டுங்க" என்பார் முதலாளி ஷிப்லி காக்கா. வந்தவர்கள் சிரிப்பார்கள். வயரைத் திரும்பச் செருகியதும் சுவரிலுள்ள பெரிய திரையில் 'இழப்பு: 0' என்று விழும்.

அதில் ஒரு பிழை இருந்தது. தனித்துப்போன கணினி புதிய பதிவுகளை மறுக்க வேண்டும். எங்களுடையது 'சேமிக்கப்பட்டது' என்று சொல்லி வாங்கிக்கொள்ளும். திரும்ப இணைந்ததும், மற்ற இரண்டிலும் இல்லையென்று அவற்றை எறிந்துவிடும். அதைக் கண்டுபிடித்த அன்றே கூட்டத்தில் சொல்ல எழுந்தேன்.

"றுமானாக்கு வாய் இரிக்கி. மழை வரப்போகுது, குடையெடுங்க" என்றார் காக்கா.

நான் உட்கார்ந்துவிட்டேன்.

பதினொரு நாள் கழித்து, கொழும்பிலிருந்து ஒரு காப்புறுதி நிறுவனத்தார் வந்தார்கள். உண்மையாக ஓடுகிற ஒன்றில் செய்து காட்டச் சொன்னார்கள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் நோயாளர் பதிவுகள் எங்கள் அலுவலகக் கணினி வழியாக ஓடிக்கொண்டிருந்தன. பின்னேரம் மூன்று மணி பத்துக்கு வயரைக் கழற்றினார்கள். இரண்டு நிமிடம்தான்.

செருகியதும், எறியப்பட்ட பதிவு ஒன்று என் திரையில் வந்தது. தாதி தர்சிகா போட்டது. கட்டில் ஏழு, றாபியா, வயது முப்பத்தொன்று, பென்சிலின் ஒவ்வாது.

பெரிய திரை கணக்கெடுக்க நாற்பது விநாடி இருந்தது. அந்த வரி கிடந்தால் 'இழப்பு: 1' என்று காட்டும். பதினொரு பேரின் மூன்று வருட உழைப்பு அது. நான் அந்த வரியை அழித்தேன்.

"என்ன புள்ள, எல்லாம் சரியா?" என்று கேட்டார் காக்கா.

"ஓம்."

எல்லோரும் கை தட்டினார்கள். ஒப்பந்தம் கையெழுத்தானது. நான் வட்டிலப்பம் வெட்டிக் கொடுத்தேன், தட்டுகளைக் கழுவினேன், அஸர் தொழுதேன்.

றாபியாவுக்குப் பென்சிலின் ஊசி போட்டது ஆறு மணிக்கு. அப்போது தர்சிகா வேலை முடிந்து பாண்டிருப்புக்குப் போய்விட்டார். அடுத்த தாதி திரையைப் பார்த்துத்தான் போட்டார். அவர்மேல் பிழையில்லை. அதை நீங்கள் இந்த வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். பதிவை நானே திரும்பப் போட்டால் என் பெயரும் நேரமும் அதில் விழும். ஆனால் போன் எடுத்தேன். வார்ட்டின் நம்பர் என் மேசைக்கு மேலே ஒட்டியிருந்தது. அப்போது நாலரை மணி.

"ஹலோ, தர்சிகா கதைக்கிறன். ஆரு?"

நல்ல குரல். நான் வைத்துவிட்டேன்.

முஸ்பிறா அன்று அக்கரைப்பற்றுக்கு வகுப்புக்குப் போயிருந்தாள். அவள் மட்டும் வீட்டில் இருந்திருந்தால் றாபியா பிழைத்திருப்பார்.