மருந்து தொடாத ஆளு

இல்ல மேடம், அங்கன உக்காராதீக, அந்த வாளிக்குப் பக்கத்துல வேணாம். இந்தச் சேர்ல உக்காருங்க. தைக்கிற துணிதான் கெடக்கு, தள்ளி வச்சுக்கலாம்.

மறுபடியும் ரத்தமா? தரமாட்டேன்னு சொல்லலையே. பங்குனில எடுத்தீக, இப்ப ஆவணி. அஞ்சு மாசமா ஒரு ரிசல்ட்டுச் சீட்டுகூட வரல. இன்னைக்கு காலேசுல இருந்து வந்து, எடுத்ததே தப்புங்கிறீக. அதான் கேக்குறேன்.

இருங்க, நான் வெளங்கிக்கிட்டது சரியான்னு பாருங்க. ரத்தத்துல நரம்புக்கு வேண்டிய ஏதோ ஒண்ணு, தோட்டத்துல மருந்து அடிக்கிறவுகளுக்குக் கொறஞ்சிருக்கும். அடிக்காதவுகளுக்குக் கொறையாது. அப்பிடித்தான? மருந்தே தொடாத ஆளுன்னு பத்துப் பேர எடுத்தீக, ஒத்துப் பாக்குறதுக்கு. அதுல இந்த முனீஸ்வரியும் ஒருத்தி. பிளவுஸ் தைக்கிறவ, தோட்டத்துப் பக்கமே போகாதவ. இப்ப எனக்குத்தான் எல்லாரவிடக் கொறச்சல். எங்க வீட்டுக்காரரவிடக் கொறச்சல். அவரு பதினாலு வருசமா திராட்சைப் பந்தலுக்குள்ள நின்னு மருந்து அடிக்கிற மனுசன். அதனால என் ரத்தம் பொய்யி, டியூபு மாறிப்போச்சுங்கிறீக. மறுபடியும் இப்பிடியே வந்தா என்னயக் கணக்குல இருந்து எடுத்துரலாம்னு உங்க பெரிய சார் இப்ப போன்ல சொன்னாகளே, எனக்கும் காது கேக்கும்ல.

தல கிறுகிறுன்னு வருது. சாயங்காலமானா வெரல் மரத்துப்போயி ஊசில நூல் கோக்க முடியல. அதுவும் டியூபு மாறுனதாலயா?

கோவமில்ல மேடம். ஆத்தாமையா இருக்கு.

உத்தமபாளையத்துல மண்டபம் பிடிச்சுக் கூட்டம் போட்டீகளே, அதுக்கும் வந்தேன். பை குடுத்தாக, பேனா குடுத்தாக, மத்தியானம் பிரியாணி. வெளிநாட்டுல இருந்து வந்த அம்மா நல்லவுகதான். இங்கனயும் இந்தப் படிப்பு வளரணும், உங்க ஊருப் பிள்ளைகளே ஆராய்ச்சி பண்ணணும்னு பேசுனாக. கை தட்டுனேன். சுவத்துல ஒரு படம் காட்டுனாக, உச்சந்தலையில இருந்து கால் வரைக்கும் மூடிக்கிட்டு ஒரு ஆளு மருந்து அடிக்கிறான். எங்க வீட்டுக்காரருக்கும் அந்தச் சட்ட ஒண்ணு குடுத்தீக. சித்திர வெயில்ல பத்து நிமிசம் போட்டிருந்தாரு. மூச்சு முட்டுதுன்னு கழட்டி வரப்புல போட்டுட்டாரு. இப்ப மோட்டாருக்கு மழத்தண்ணி படாம அதத்தான் போத்தி வச்சிருக்கு.

அன்னைக்குக் கேட்டுக் கேட்டு எழுதுனீகளே, அந்தப் பாரத்த எடுங்க. எத்தன கேள்வி, அறுபதா? மருந்து அடிப்பீகளா, இல்ல. கலக்குவீகளா, இல்ல. தோட்டத்துக்குப் போவீகளா, இல்ல. வாசிங் மெசினு இருக்கான்னுகூட கேட்டீக, எங்க வசதி தெரியணும்ல. இல்லன்னேன். இல்லன்னு எழுதிட்டு அடுத்த பக்கத்தத் திருப்பிட்டீக.

அப்ப யாரு தொவைக்கிறான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்.

நாந்தான். கையாலதான். கல்யாணமான நாள்ல இருந்து அவரு துணி. இப்ப நாலு வருசமா, கூட மருந்து அடிக்கிற அஞ்சு பேரு சட்ட, கைலி, தலத்துண்டு எல்லாம் சேத்து. வாளில கெடக்குறது நேத்து மருந்து அடிச்சப்ப போட்டிருந்த துணி. வேல முடிஞ்சு வர்றப்ப இங்கன அவுத்துப் போட்டுட்டு, மாத்துத்துணி உடுத்திக்கிட்டுப் போவாக.

அவுக வீட்டுல ஏன் தொவைக்கலன்னு கேக்குறீகளா? பச்சப்பிள்ளைக இருக்குல்ல மேடம். மருந்து வாட பிள்ளைகளுக்கு ஆகாதுன்னு அவுக பொண்டாட்டிமாருக்குத் தெரிஞ்சிருக்கு. ஒரு கூட்டத்துக்கும் போனவுக இல்ல. முனீஸ்வரி வீட்டுல பிள்ள இல்ல, அங்கன தொவச்சா யாருக்கும் ஒண்ணுமில்லன்னு அவுகளே பேசி முடிச்சுக்கிட்டாக. நானும் சரின்னுட்டேன். எனக்கு அப்ப தப்பாத் தோணல. ரெண்டு தடவ தங்குச்சு, ரெண்டும் மூணாம் மாசத்துல கலஞ்சு போச்சு. அதுக்கப்புறந்தான் இந்த ஏற்பாடு. பிள்ளைக எத்தனைன்னு உங்க பாரத்துல இருந்துச்சு. இல்லன்னு சொன்னேன், எழுதிக்கிட்டீக.

எழுதுறதப் பெறகு எழுதலாம். கையத் தாறேன், எத்தன டியூபு வேணும்னாலும் எடுத்துக்கங்க. என்னயக் கணக்குல வைங்க, வைக்காமப் போங்க, அது உங்க பாடு. எனக்கு நாள் தள்ளி அம்பது நாளாகுது. அவருகிட்டயே இன்னும் சொல்லல. இப்ப அந்த வாளிக்குள்ள நான் கைய விடவா, வேணாமா? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க.