பன் வண்டியில் உம் கொட்டியது

விழுப்புரம் மாவட்டத்திலேயே உயிரில்லாத பொருளோடு ஒரு வார்த்தைகூடப் பேசாத ஒரே மனிதன் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. நாலு வருஷம் கவனித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஸ்டார்ட் ஆகாத மொபெட்டைக் கெஞ்சாதவர் இல்லை. தண்ணி ஏத்தாத மோட்டாரைக் குடும்பத்தோடு திட்டாதவர் இல்லை. எங்கள் கணக்கு வாத்தியார் ஏடிஎம்மைப் பார்த்து "தேங்க்ஸ்" சொன்னதை நானே கண்ணால் பார்த்தேன். இப்படி ஒரு ஜனத்துக்கு நடுவில் ஒருத்தன் தெளிவாக இருப்பது எவ்வளவு தனிமை என்று உங்களுக்குத் தெரியாது.

சரி, கிட்ட வாங்க. கரண்ட் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. அந்த செல்போன் லைட்டை அணைங்கடா, சார்ஜ் போய்டும். ஒரே ஒரு கண்டிஷன். நடுவில் யாரும் உம் கொட்டக் கூடாது. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

மத்தியானம் ரெண்டே முக்கால்.

சிரிக்காதீங்க. பேய்க்கு ராத்திரி பன்னெண்டு மணிதான் டூட்டி என்று யார் சொன்னது? பங்குனி வெயிலில், சாப்பாட்டுக்கு அப்புறம், பனமலை ஏரிக்கரை ரோட்டில் போய்ப் பாருங்கள். ஆள் கிடையாது. ஆடு கிடையாது. காக்காகூட வாயைத் திறக்காது. உருகின தாரில் டயர் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம் மட்டும்... சர்ர்... சர்ர்...

அந்த ரோட்டில் வாரம் மூணு நாள் போய் வந்துகொண்டிருந்தவர் என் சிநேகிதன், நம்ம ஆண்டோவின் சித்தப்பா, பெரியநாயகம். திண்டிவனத்தில் ஒரு பேக்கரிக்கு ஆம்னி வேன் ஓட்டுகிறார். பின் சீட்டைக் கழட்டிவிட்டு, அந்த இடத்தில் பன் தட்டுகளை அடுக்கியிருப்பார்கள். விடியற்காலையில் ஏற்றினால், விக்கிரவாண்டி, விழுப்புரம் கடைகளுக்கெல்லாம் போட்டுவிட்டு, கடைசியாகப் பனமலை. அங்கே போய்ச் சேரும்போதுதான் இந்த ரெண்டே முக்கால் ஆகும்.

சித்தப்பாவுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். மத்தியானம் தூங்குவார். ஸ்டியரிங் பிடித்துக்கொண்டே தூங்குவார். தை மாசம் மயிலம் கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மைல்கல்லை வண்டி போய் முட்டினபோதுதான் கண்ணைத் திறந்தார். முதலாளி சீனுவாசன் சத்தம் போடவில்லை. இன்னொரு கீறல் விழுந்தால் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்விடு என்று மட்டும் சொன்னார்.

பாட்டுப் போட்டுப் பார்த்தார், இன்னும் நன்றாகத் தூக்கம் வந்தது. அப்போதுதான் ஆண்டோ ஒரு பென் டிரைவ் கொடுத்தான். கண் தெரியாத மாணவர்களுக்காக யார் யாரோ புஸ்தகங்களை வாசித்துப் பதிவு பண்ணிக் கொடுப்பார்களே, அது. முப்பத்தொரு அத்தியாயம், ஒரு குடும்ப நாவல். கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை காணாமல் போய்விடுகிறான். வாசித்தது யாரோ ஒரு டீச்சரம்மா, பேர்கூடப் போடவில்லை. நிதானமான குரல். குறிப்பு எடுக்கிறவர்களுக்கு நேரம் கொடுக்கணும் என்று ஒவ்வொரு பாரா முடிவிலும் கொஞ்சம் நிறுத்துவாள். காகிதம் புரளும். அப்புறம் அடுத்த பாரா.

சித்தப்பாவுக்குத் தூக்கம் போயே போச்சு. மாப்பிள்ளை எங்கே என்று தெரியாமல் எப்படித் தூங்குவது? முதல் வாரத்திலேயே முழுசாகக் கேட்டு முடித்துவிட்டு, மறுபடி ஒண்ணாம் அத்தியாயத்தில் ஆரம்பித்தார். கூடவே ஒரு காரியம் செய்தார். பாரா முடிந்து அவள் நிறுத்தினதும், "உம்" என்றார்.

நம்ம வீடுகளில் வழக்கம்தானே. யாராவது கதை சொன்னால் உம் கொட்டணும். கொட்டாவிட்டால் சொல்கிறவர் கோபித்துக்கொண்டு நிறுத்திவிடுவார். அதே மரியாதையை இவர் பென் டிரைவுக்குக் கொடுத்தார். நான் ஒரு நாள் விழுப்புரம் வரைக்கும் அந்த வண்டியில் போனேன். எண்ணினேன். நூத்திப் பத்தொன்பது உம்.

"அது மிசினு சித்தப்பா. நீங்க உம் கொட்டலன்னா கோச்சிக்கினு எறங்கிப் போய்டுமா?" என்று கேட்டேன். அதை வைத்து ஒரு மாசம் நானும் ஆண்டோவும் அவரை ஓட்டினோம்.

பிரச்சினை சித்தியால் வந்தது. சூசை மேரி சித்தி, இவர் தூங்குகிறாரா என்று பார்க்க மத்தியானம் போன் பண்ணுவார். ஒரு நாள் அந்தப் பக்கம் ஒரு பொம்பளைக் குரல். இன்று வருவானா என்று அவள் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள், என்கிறது. நம்ம ஆள் உருகிப்போய், "உம்" என்கிறார்.

கதை, பென் டிரைவ், கண் தெரியாத மாணவர்கள்... எல்லாம் சொல்லிப் பார்த்தார். சித்தி நம்பவில்லை.

"மிசினுக்கு எந்த ஊர்ல உம் கொட்டுவாங்க? உம் கொட்டினா அந்தாண்ட ஒரு ஆளு கீதுன்னு அர்த்தம்."

அந்த தர்க்கத்தில் எனக்கு இன்றைக்கும் ஒரு ஓட்டை தெரியவில்லை. சித்தப்பா கண்ணாடியில் தொங்கின ஜெபமாலையைத் தொட்டு, இனிமேல் உம் கொட்ட மாட்டேன் என்று சத்தியம் பண்ணினார். தவக்காலம் வேறு. மீற மாட்டார்.

ஒரு வாரம் கழித்து சித்தி போன் பண்ணினார். டீச்சரம்மா வாசிக்கிறாள். பாரா முடிந்தது. நிறுத்தினாள்.

"உம்."

சித்தப்பா குரல் இல்லை. ஒரு பொம்பளை உம்.

அதற்கு மேல் சித்தி சண்டை போடவில்லை. அதுதான் பயம். பெட்டி கட்டினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மகள் வெனிலாவைக் கூட்டிக்கொண்டு பொம்மையார்பாளையம் அம்மா வீட்டுக்குப் போகிறேன், இனி வர மாட்டேன் என்றார். வெனிலாவுக்கு ஏழு வயசு. பெட்டியில் பொம்மை வைக்க இடம் இருக்கா என்று அப்பாவிடமே போய்க் கேட்டதாம்.

சித்தப்பா அழுதார். கடைசியாக ஒரு தடவை சோதித்துப் பாரு என்று கெஞ்சினார். ஒரு சாட்சி வேணும். ஆண்டோ அவர்கள் ஆள், ஆகாது. வெளியாள் என்று என்னைப் பிடித்தார்கள்.

நான் சும்மா போகவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரியே முப்பத்தொரு அத்தியாயத்தையும் என் கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்டேன். ஆண்டோ ஏதாவது சில்மிஷம் பண்ணியிருப்பான் என்று எனக்கு சந்தேகம். இல்லை. எந்த இடத்திலும் உம் கிடையாது.

சனிக்கிழமை. முன்னால் நாங்கள் ரெண்டு பேர். பின்னால் கடைசிக் கடைக்கான பன் தட்டுகள். டேஷ்போர்டு மேல் போன், ஸ்பீக்கரில், அந்தப் பக்கம் சித்தி. ஒரே கம்பெனி சிம், பேசினால் காசில்லை. ரெண்டு பேரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது சித்தியின் கட்டளை.

விழுப்புரம் தாண்டுகிற வரைக்கும் ஒண்ணுமில்லை. இருபத்தொன்பதாவது அத்தியாயம் ஓடிக்கொண்டிருந்தது. ஏரிக்கரை வந்தது. அவள் நிறுத்தினாள்.

"உம்."

சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் தெளிவாக ஒரு சந்தேகம் தெரிந்தது... சித்தி சொல்லி நான் செய்கிறேன் என்று. எனக்கோ அவர் உதட்டை அசைக்காமல் பேசுகிறார் என்று சந்தேகம். போனில் சித்தி மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அவருக்கு எங்கள் ரெண்டு பேர் மேலும் சந்தேகம்.

சித்தப்பா ஒரு காரியம் செய்தார். கையைப் பின்னால் விட்டு ரெண்டு பன் எடுத்தார். ஒண்ணை முழுசாகத் தன் வாயில் திணித்துக்கொண்டார். இன்னொண்ணை என்னிடம் நீட்டினார். நானும் திணித்துக்கொண்டேன். ரெண்டு பேருக்கும் கன்னம் உப்பி, கண் பிதுங்கி, ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டு போகிறோம். எதிரில் யாராவது வந்திருந்தால் எங்களைப் பார்த்துத்தான் பயந்திருப்பார்கள்.

பாரா முடிந்தது. நிறுத்தினாள்.

"உம்..."

பின்னாலிருந்து. நிதானமாக. வாயில் வெற்றிலை போட்டுக்கொண்டு, கால் நீட்டி உட்கார்ந்து கேட்கிற மாதிரி ஒரு உம்.

கருவேல மரத்தடியில் வண்டியை நிறுத்தினார். இறங்கினோம். பின் கதவைத் தூக்கினார். யாரும் இல்லை. தட்டுகள்தான். பன் வாசனை. அதற்கு மேலே... நீலகிரித் தைலம். இப்போதுதான் தேய்த்த மாதிரி. மேல் தட்டில், நடுவில், ஆறு பன் அமுங்கித் தட்டையாகக் கிடந்தன. தொட்டுப் பார்த்தேன். விடியற்காலையில் சுட்டது. மற்றதெல்லாம் ஆறிப்போயிருந்தது. அந்த ஆறு மட்டும் சூடு.

சித்தப்பா கதவை மூடினார். மெதுவாக. தூங்குகிற குழந்தை இருக்கிற ரூம் கதவை மூடுகிற மாதிரி.

வண்டியில் ஏறி, பன்னை முழுங்கிவிட்டு, போனில் உண்மையைச் சொன்னேன். வண்டியில் யாரும் இல்லை என்றேன்.

"யாருமே இல்லாம உம் எப்பிடித் தம்பி வரும்? இன்னொரு வாட்டி கேட்டுச்சின்னா... ஞாயித்துக்கிழம வரிக்கும்கூட இருக்க மாட்டேன். சாயங்கால பஸ்ஸே ஏறிடுவேன்."

கதையை நிறுத்திவிடலாமே என்று கேட்பீர்கள். நிறுத்தினார். அரை கிலோமீட்டர் போகவில்லை, கண் சொருகியது. இடது டயர் சரளையில் இறங்கியது. கரைக்குக் கீழே ஏரி. இவருக்குத் தெரிந்த மருந்து அந்த ஒரு குரல்தான். மறுபடி போட்டார்.

இப்போது வேறு மாதிரி ஆனது. பாரா முடிந்தது. அவள் நிறுத்தினாள். பின்னாலிருந்து உம் வரவில்லை.

அவள் ஆரம்பிக்கவும் இல்லை.

பிளேயரில் நம்பர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பத்து செகண்ட். இருபது. முப்பது. காகிதத்தின் ஓரத்தை விரலால் தடவுகிற சத்தம் கேட்டது. மூச்சு கேட்டது. காத்துக்கொண்டிருந்தாள்.

தைல வாசனை கிட்ட வந்தது. ரெண்டு சீட்டுக்கும் நடுவில்... என் வலது காது ஓரத்தில் ஒரு சூடு. யாரோ முன்னால் குனிந்து, எங்கள் ரெண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிற மாதிரி. யார் சொல்லப் போகிறீர்கள் என்கிற மாதிரி.

சித்தப்பா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் வியர்வை கோடாக இறங்கியது. அவர் வாயைத் திறந்தால் பெண்டாட்டி, பிள்ளை ரெண்டும் போச்சு. பின்னால் இருக்கிறது திறந்தாலும் போச்சு. வண்டியில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு வாய்.

"உம்," என்றேன்.

காகிதம் புரண்டது. அவள் வாசிக்க ஆரம்பித்தாள். காது ஓரத்துச் சூடு பின்னால் போனது. ஒரு தட்டு லேசாகக் கிறீச்சிட்டது.

"தம்பி... நீயா அது?" என்றார் சித்தி.

"நான்தான் சித்தி."

"அதுக்கு முன்னாடி கேட்டதும்?"

"அதுவும் நான்தான்."

"போன வாரம்?"

சித்தப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கும் நான்தான் சித்தி, வண்டில கூட வந்தேன். பொம்பளக் குரல்ல கொட்டினேன். சும்மா கலாய்க்கறதுக்கு."

சித்தி அழுதார். என்னை நாலு வார்த்தை திட்டினார், அதை உங்களிடம் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வெனிலாப் பொண்ணு பன் கேக்குது, ரெண்டு எடுத்துக்கினு வரச் சொல்லு அவர, என்று போனை வைத்துவிட்டார்.

பனமலைக் கடையில் அமுங்கின ஆறைத் தவிர மற்றதைப் போட்டோம். திரும்பி வரும்போதும் அப்படியேதான். அவள் வாசித்தாள், பின்னால் கொட்டியது, அவள் வாசித்தாள். கூட்டேரிப்பட்டு தாண்டினபோது மாப்பிள்ளை கிடைத்துவிட்டான். நல்ல முடிவுதான். "முற்றும்," என்றாள்.

சித்தப்பா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கும் அப்போதுதான் தோள் இறங்கியது. பென் டிரைவில் அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. பிளேயரில் நம்பர் எல்லாம் பூஜ்யமாகி நின்றுவிட்டது.

ஆனால் மூச்சு நிற்கவில்லை. காகிதத்தின் ஓரத்தை ஒரு விரல் தடவிக்கொண்டே இருந்தது. பின்னால் தட்டு கிறீச்சிட்டது. வாசனை கிட்ட வர ஆரம்பித்தது.

சித்தப்பா என்னைப் பார்த்தார்.

நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவருக்குக்கூடக் கேட்காத மாதிரி, உம் கொட்டினேன்.